பூஜ்ஜியத்தின் சாவி

சித்தப்பாவை ஏற்றிவிட பீளமேடு விமான நிலையத்துக்குப் போனால் வாசல்வரைதான் நமக்கு உரிமை. டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்துவிட்டு சி.ஐ.எஸ்.எஃப். வீரர் அவரை மட்டும் உள்ளே விடுவார். உள்ளே போனவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானத்தின் வயிற்றுப் பக்கம் நடந்துவிட முடியாது. கவுண்டரில் கொடுக்க வேண்டும். எடை போட்டு, சீட்டு ஒட்டி, ஊழியர்கள்தான் ஏற்றுவார்கள்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே கட்டுப்பாடுதான். 1982-ல் வந்த இன்டெல் 80286 சிப்பிலேயே 0 முதல் 3 வரை நான்கு அதிகார வளையங்கள் உண்டு. விண்டோஸும் லினக்ஸும் அவற்றில் இரண்டைத்தான் பயன்படுத்துகின்றன. நாம் திறக்கும் பிரவுசர், டேலி எல்லாம் 3-ல். இயங்குதளத்தின் கருவான கெர்னல் 0-ல். டேலி ஒரு கணக்கை டிஸ்க்கில் ஏற்ற வேண்டுமென்றால் கெர்னலிடம்தான் கேட்கும். அப்படிக் கேட்பதற்குப் பெயர் சிஸ்டம் கால். மீறி நேரடியாக டிஸ்க்கைத் தொடப் பார்த்தால் பிராசசரே தடுத்து, கெர்னலைக் கூப்பிடும். அந்த ஒரு புரோகிராம் மூடப்படும்; மற்றவை பாட்டுக்கு ஓடும்.

2024 ஜூலை 19 காலையில் அந்தத் தடுப்பு உதவவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், ஊடுருவலைப் பிடிப்பதற்காக 0-வது வளையத்திலேயே உட்கார்ந்திருந்தது. நம் நேரம் 9.39-க்கு அதற்கு ஒரு புதிய கோப்பு வந்தது. அதிலிருந்த விதி 21-வது மதிப்பைக் கேட்டது. மென்பொருளின் கையில் இருந்தவையோ 20. இல்லாத ஒன்றைத் தேடி நினைவகத்தில் எல்லை தாண்டியது. 3-ல் இருந்து தாண்டியிருந்தால் அது மட்டும் செத்திருக்கும். 0-ல் இருந்ததால் கம்ப்யூட்டரே நீலத் திரையோடு விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பல கம்ப்யூட்டர்களுக்குப் பக்கத்தில் ஆளே போய் நின்று, சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

எந்த ஹேக்கரும் வரவில்லை. காவலுக்கு வைத்தவரே இடறினார். காவல் என்று சொல்லிக் கேட்டாலும் 0-ன் சாவியை எளிதில் கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. 2025-ல் மைக்ரோசாஃப்டும், இத்தகைய மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே ஓடவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தது.

இந்த வளையங்களை எப்படிக் கட்டுகிறார்கள் என்று அவினாசி சாலைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் தாங்களே பிரித்துப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு உருவாக்கிய சக்தி பிராசசரின் வடிவமைப்பு யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் முறையில் அமைந்த அதில், லினக்ஸ் ஓட்டும் ரகத்துக்கு வளையங்களைப் போலவே மூன்று அதிகாரப் படிகள்: மெஷின், சூப்பர்வைசர், யூசர். மெஷின் படிக்கு வந்த அழைப்பு எங்கிருந்து வந்தது, வேலை முடிந்ததும் எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை எம்ஸ்டேட்டஸ் என்ற ரெஜிஸ்டரில் இரண்டே பிட் நினைவில் வைத்திருக்கின்றன. 00 என்றால் யூசர், 01 சூப்பர்வைசர், 11 மெஷின். யூசர் படியில் ஓடும் புரோகிராம் அந்த இரண்டு பிட்டை மாற்றுவது இருக்கட்டும், படிக்க முயன்றாலே பிராசசர் அங்கேயே நிறுத்திவிடும்.