காட்டில் தொடலாகாத இரண்டு

பொங்கல் விடுமுறையில் மாணாக்கர் சிலருடன் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலே கூடாரமடித்துத் தங்கினோம். பாதையோரத்துச் செந்தட்டிக் கொடியில் கால் பட்ட பையன் ஒருவன் அலறிவிட்டான். அதன் நுண்ணிய ரோமங்கள் தோலில் தைத்து நின்று எரிகின்றன. தேய்த்தால் இன்னும் ஆழப் பதியும். ஒட்டும் பிளாஸ்திரியை அழுத்தி உரித்தெடுத்தோம். சற்று நேரத்தில் வேதனை தணிந்தது.

செந்தட்டியாவது உடனே சொல்லிவிடுகிறது. சேங்கொட்டை மரமோ பரம சாதுவைப் போல் நிற்கும். கிளை நுனியில் பெரிய இலைகள். மஞ்சள் நிறச் சதையின்மேல் கறுத்த கொட்டை. வண்ணார் துணிக்குக் குறியிட்டது இக்கொட்டையின் நெய்யால்தான். மாவும் முந்திரியும், அமெரிக்கர் அஞ்சும் விஷ ஐவியுங்கூட இதற்குச் சுற்றமே.

அடுப்புக்கு அதன் கிளையை ஒடித்த மாணாக்கனுக்கு அன்று ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கைகள் கொப்புளித்தன. முகம் வீங்கிக் கண் திறக்க இயலவில்லை. பால் பட்டவுடனே சவுக்காரமிட்டுக் கழுவியிருந்தால் இவ்வளவு துன்பம் நேர்ந்திராது. மரத்தை அறிந்திருந்தும் முன்னரே எச்சரியாதது நமது பிழை. அவனுடைய சட்டையையும் அரிவாட்பிடியையும் பிறகுதான் கழுவினோம்; அவற்றில் ஒட்டிய பாலும் பிறரை வருத்த வல்லது. ஒடித்த விறகை எரிக்கவில்லை. இவ்வினத்தின் புகையும் பொல்லாதது.

வீக்கம் வடியப் பத்து நாள் சென்றது.