ஹல்துமுல்லைச் சாரலில் இரண்டு நாட்கள்

ஊர் காணும் ஆசை யாரை விட்டது? ஆயின் அந்த ஆசை எழுந்தவுடன் நம்மவர் மனம் கடல் கடந்து பறக்கிறதேயன்றி, நம் நாட்டு மலைச்சாரலை நாடுவது அரிது. ஜேர்மனியின் கொலோன் நகரில் நெடுங்காலமாக வாழும் நண்பர் ஒருவர் விடுமுறையில் தாயகம் வந்திருந்தார். "அங்கே வந்து ரைன் நதியையும் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களையும் பாருங்கள்" என்று எங்களை அழைத்தார். "வருவோம்; அதற்குமுன் நீர் ஊவாவைப் பாரும்" என்றோம். ஆசிரியர்களாகிய நாங்கள் மூவரும் அந்நண்பருமாக நால்வர் ஹல்துமுல்லைக்குப் புறப்பட்டது இவ்வாறுதான்.

மலை ஏறும் வழி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை பெலிகுல் ஓயாவைக் கடந்தபின் மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறுகிறது. களுபஹனவில் வீதியை விட்டு விலகி மேலே சென்றால் பம்பரகந்தை அருவியைக் காணலாம். 263 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அதுவே இலங்கையின் மிக உயர்ந்த அருவி. நாங்கள் சென்றது ஆடி மாதம். நீர் மெலிந்து, கரும்பாறையின்மேல் உலரப் போட்ட வெண்துகில்போல் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

அந்தக் காற்றைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி ஊவாவுக்குள் நுழைகிறது. ஆடி ஆவணியில் அது படும்போதுதான் ஊவாக் கொழுந்துக்கு உலகம் விரும்பும் தனி மணம் ஏறுகிறது.

ஹல்துமுல்லை சிறிய கடைத்தெருவை உடைய ஊர். ஆனால் அதன் தெற்கு வாயில் மிகப் பெரியது. மலை சட்டென்று முடிந்துவிட, கீழே சமவெளி கடலை நோக்கி விரிந்து கிடக்கிறது. இந்த வாயிலைக் காக்கவே போலும், கட்டுகொடல்லை என்னுமிடத்தில் போர்த்துக்கேயர் கட்டியதாகச் சொல்லப்படும் சிறு கோட்டையொன்றின் கற்சுவர்கள் எஞ்சியுள்ளன. 1630இல் ஊவாவுக்குப் படை நடத்தி வந்த போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா, ரந்தெனிவெலையில் தம் படையோடு அழிந்தார். சொரகுணையில் கதிர்காமத் தெய்வத்துக்கு ஒரு தேவாலயம் இருக்கிறது. நம் முருகனை அங்கே சிங்களக் கிராமத்தார் தம் முறைப்படி வழிபடுகின்றனர்.

பெயர் பெற்றவர்கள்

மறுநாட் காலை பெரகலைச் சந்தி வழியாக ஹப்புத்தளைக்கு ஏறினோம். 1893இல் அவ்வூரை எட்டிய புகையிரதப் பாதை பதுளையைச் சேர 1924 ஆயிற்று. தம்பேதன்னைக்கு அப்பால், 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் குன்று முனை இருக்கிறது. அது இன்றும் 'லிப்டன் ஆசனம்' என்றே வழங்குகிறது. மற்றொரு பக்கம், தோமஸ் வில்லியர்ஸ் என்னும் துரை 1931இல் எழுப்பிய கல்மாளிகை. அதற்கு அவர் இங்கிலாந்துக் கிராமமொன்றின் பெயரால் 'அடிஷம்' என்று பெயரிட்டார்.

குன்றிலிருந்து இறங்கும் வழியில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். முதியவள் ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "கொழுந்து இல்லீங்க ஐயா, மலை காஞ்சு கெடக்கு. இன்னைக்கு அரைப்பேருதான் விழும்" என்றாள். கொலோன் நண்பருக்கு அது விளங்கவில்லை. தோட்டத்தில் ஒரு நாட் சம்பளத்துக்கு 'பேர்' என்று பெயர். நிறை குறைந்தால் அது 'அரைப்பேர்' என்று விளக்கினோம். நண்பர் நெடுநேரம் பேசவில்லை.

பின்னர் அவர் தம் நகரத்தைப் பற்றிச் சொன்னார். நாஜிகளின் கொடுமைக்கு இரையானோர் வாழ்ந்த வீட்டு வாசல்களில், நடைபாதைக் கற்களோடு கற்களாகச் சிறு பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி, ஒருவரின் பெயரும் பிறந்த ஆண்டும் அவருக்கு நேர்ந்த முடிவும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். குந்தர் டெம்னிக் என்னும் கலைஞர் முதற் கல்லை 1992இல் கொலோன் நகரமன்றத்தின் முன் பதித்தார். இன்று ஐரோப்பாவெங்கும் அவை ஓரிலட்சத்தைத் தாண்டிவிட்டன. "பெயரை வாசிக்க வேண்டுமானால் எவரும் தலைகுனிந்தே ஆகவேண்டும்" என்றார் நண்பர்.

கொஸ்லாந்தையின் மண்

பிற்பகலில் பெரகலைக்கு இறங்கி, கொஸ்லாந்தை வீதியைப் பிடித்தோம். தொடர்ந்து சென்றால் 220 மீற்றர் உயரமுள்ள தியலும அருவி வரும். அதற்கு முன்னரே நாங்கள் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்து மேலே பார்த்தால் மீரியபெத்தைத் தோட்டத்துப் பக்கம். 2014 ஒக்தோபர் 29ஆம் நாட் காலையில் அந்த மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அபாயம் உண்டென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தும், மக்கள் லயங்களிலேயே இருந்தனர். குடியிருக்கத் தமக்கென்று ஒரு பிடி நிலமில்லாதவன் எச்சரிக்கை கேட்டு எங்கே எழுந்து போவான்?

இம்மக்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து, காட்டை வெட்டிக் கோப்பி நட்டனர். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் சந்ததியாரை நாடற்றோராக்கியது. எஞ்சியோரின் குடியுரிமைக்கு வழி திறந்த சட்டம் வந்தது 2003இல். இத்தனை ஆண்டுகளும் அவர்கள் பெயர் ஒழுங்காக எழுதப்பட்ட ஏடு தோட்டத்துச் செக்ரோல் ஒன்றுதான். அதிலும் பெயரென்பது ஒரு நாட் கூலியே.

இப்பகுதிக்குச் சுற்றுலா செல்லும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். அருவியைப் பாருங்கள், ஆசனத்திலும் அமருங்கள். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ஒரு கொப்பியைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டன் பாட்டியின் பெயரையும், அவர்கள் வந்த ஊரையும், வேலை செய்த மலையையும் முதியோரிடம் கேட்டு அதில் எழுதட்டும். பதிவேட்டில் ஒரு பெயரும் மக்கள் நாவில் வேறொரு தமிழ்ப் பெயருமாகத் தோட்டங்கள் பல உள்ளன; அவற்றையும் குறிக்கட்டும். பித்தளைத் தகட்டுக்குப் பணம் வேண்டும். கொப்பிக்கும் பென்சிலுக்கும் எவர் தயவும் வேண்டியதில்லை. கேட்டுச் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள். வரும் தவணையிலேயே இதைத் தொடங்குவது நன்று.