உங்களுக்குத் தெரியுமா?

எரிமலையைத் துரத்திய தம்பதி

● பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பிறந்த எரிமலை ஆய்வாளர்கள் காத்தியாவும் மோரிஸ் கிராஃப்டும் 1970-இல் திருமணம் செய்துகொண்டார்கள். காத்தியா புகைப்படம் எடுப்பார், மோரிஸ் திரைப்படம் பிடிப்பார். எங்கே எரிமலை புகைந்தாலும் அங்கே ஓடுவதுதான் இருவரின் இல்லறம்!

● தர்மபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்துக்கும் இவர்கள் ஆய்வுக்கும் ஒரு கல் சம்பந்தம் உண்டு. அதே மாவட்டத்து ஒகேனக்கல்லிலும், பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டியிலும் ‘கார்பனடைட்’ என்ற அபூர்வப் பாறை இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிய குழம்பு மேலே வராமல் உள்ளேயே இறுகிப்போனது அது.

● அதே வகைக் குழம்பை இன்றும் கக்கும் ஒரே எரிமலை தான்சானியாவின் ஓல்டோன்யோ லெங்காய். 1988-இல் மோரிஸ் அங்கே சக விஞ்ஞானி ஒருவருடன் வெப்பத்தை அளந்தார்: சுமார் 500 டிகிரி செல்சியஸ்தான். பல எரிமலைகளின் குழம்பு 1,100 டிகிரியைத் தாண்டும்.

● 1985-இல் கொலம்பியாவில் எரிமலைச் சேறு ஏறத்தாழ 23,000 பேரைப் பலிகொண்டது. அதன் பிறகு, மக்களை எச்சரிக்கும் படங்களில் தம்பதி இறங்கினர்.

● 1991 ஜூன் 3: ஜப்பானின் உன்சென் எரிமலைச் சீற்றத்தில் இறந்த 43 பேரில் இத்தம்பதியும் அடக்கம்.

● 12 நாள் கழித்து பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை பெரிதாக வெடித்தது. முன்கூட்டியே இத்தம்பதியின் எச்சரிக்கைப் படத்தைப் போட்டுக் காட்டியிருந்ததும், ஆபத்தை உணர்ந்து மக்களை வெளியேற்ற உதவியது.