காற்று தள்ளும்... கயிறு காக்கும்!

"காத்துதான் பின்னாலேர்ந்து தள்ளுதே... அப்புறம் என்ன கஷ்டம்? சும்மா உட்கார்ந்திருந்தாலே கரை சேர்ந்துடலாமே!"

காற்று வீசும் திசையிலேயே, கடலில் துடுப்புப் போட்டுக்கொண்டு போகும் விளையாட்டைப் பற்றிச் சொன்னால் பலரும் இப்படித்தான் கேட்பார்கள்.

இதற்குப் பெயர்போன இடம், ஹவாய் தீவுகளில் ஒன்றான மாவி. அதன் வடகரையில் மலிகோ பள்ளத்தாக்கில் ஆரம்பித்து, காஹுலுயி துறைமுகம் வரை சுமார் 15 கிலோ மீட்டர் பயணம். வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று பலமாக வீச, முதுகுக்குப் பின்னால் அலைகள் எழும்பி வரும். இடதுபக்கம் கரும்பாறைக் கரை. நினைத்த இடத்தில் ஒதுங்க முடியாது!

கை அல்ல, இடுப்பு!

புதிதாக இறங்குகிறவர்கள் அலையோடு மல்லுக்கட்டுவார்கள். கொஞ்ச நேரத்திலேயே தோள்பட்டை 'விண் விண்' என்று தெறிக்கும். பழகியவர்களோ படகின் பின்பக்கம் லேசாகத் தூக்கும்வரை காத்திருப்பார்கள். தூக்கியதும் நாலைந்து வேகமான வீச்சு. அலை படகை ஏந்திக்கொண்டதும் கைக்கு ஓய்வு. துடுப்பை இழுக்கும் பலமும் கையிலிருந்து வருவதில்லை. காலை ஊன்றி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்ப வேண்டும். துடுப்பை இறுக்கிப் பிடித்தால் விரல் மரத்துப்போகும், உள்ளங்கை கொப்புளிக்கும்.

ஏமாற்றும் குளிர்ச்சி

ஜிலுஜிலுவென்று காற்று அடிப்பதால் வெயில் உறைக்காது. வியர்ப்பதும் தெரியாது. கரையேறிய பிறகுதான் தோல் எரிச்சலும் தலைவலியும் தெரியும். அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

வெப்ப நாட்டுக் கடல்தானே என்று அலட்சியமும் வேண்டாம். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. கடல்நீர் அதைவிடக் குறைவு. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். நெடுநேரம் தண்ணீரில் கிடந்தால் நடுக்கமும் சோர்வும் வந்துவிடும்.

படகை விடாதீங்க!

உங்களைத் தள்ளும் அதே காற்றுதான், நீங்கள் விழுந்தால் படகையும் தள்ளிக்கொண்டு போகும். எப்பேர்ப்பட்ட நீச்சல்காரராலும் அதை எட்டிப் பிடிப்பது கஷ்டம். ஆளையும் படகையும் இணைக்கும் கயிறு அதற்காகத்தான். லைஃப் ஜாக்கெட், விசில், துணைக்கு ஒரு ஆள்... இவையெல்லாம் அதற்கு அடுத்தபடி.

1978 மார்ச்சில், இதே ஹவாய் கடலில் 'ஹோகுலேயா' என்ற பாய்மரப் படகு கவிழ்ந்தது. புகழ்பெற்ற அலைச்சறுக்கு வீரரும் உயிர்காப்பாளருமான எடி ஐகாவ், மற்றவர்களைக் காப்பாற்ற உதவி தேடித் தன் பலகையில் தனியாகப் புறப்பட்டார். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த நல்ல மனிதர் மட்டும் திரும்பவே இல்லை. அப்போது அவருக்கு வயது 31.

துடுப்பே தொடாத நமக்கும் இதில் பாடம் உண்டு. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறீர்கள். கரையிலிருந்து அடிக்கும் காற்றில், குழந்தையின் பந்து தண்ணீரில் உருண்டு போகிறது. "இதோ, அப்பா எடுத்துத் தர்றேன்" என்று பாய்ந்துவிடாதீர்கள். பந்து போனால் போகட்டும். வேறு வாங்கிக்கொள்ளலாம்!