இணைய வழங்கியின் வள அமைவடிவத்தைத் தனித்தியங்கும் நிரலில் மீளப் பயன்படுத்தல்

முன்னுரை

தமிழ் நூல் தொகுப்பொன்றைத் தேடுவதற்கான செயலி ஜாவா மொழியில் எழுதப்பட்டு, டாம்கேட் வழங்கியில் இயங்குவதாகக் கொள்வோம். ஆய்வாளரின் தேடலுக்கு விடையளிப்பது அச்செயலி. சொல்லடைவைப் புதுப்பித்தல், புதிய நூல்களைச் சேர்த்தல் ஆகிய பணிகளை இரவில் செய்வது, வழங்கிக்கு வெளியே இயங்கும் தனி நிரல். இரண்டும் அணுகுவது ஒரே தரவுத்தளத்தையே. அதன் இணைப்பு விவரங்களை ஈரிடங்களில் எழுதிவைப்பதா, ஓரிடத்தில் வைத்து இரண்டிற்கும் பயன்படுத்துவதா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

1. இரட்டைப் பதிவின் தீங்கு

கடவுச்சொல்லை ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் மற்றது நின்றுவிடும். இது விரைவில் புலப்படும் பிழை. எழுத்துக் குறியாக்கத்தில் நேரும் பிழை அதனினும் கொடியது. செயலியின் இணைப்பு முகவரியில் யூடிஎஃப்-8 எனக் குறிக்கப்பட்டு, தனி நிரலின் படியில் அது விடுபட்டால், இணைப்பு லத்தீன் குறியாக்கத்தில் அமையக்கூடும். அதில் இடமில்லாத தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகப் பதியும். பதிந்த பின் அவற்றிலிருந்து மூல எழுத்தை மீட்க இயலாது. தேடிய சொல்லுக்கு ‘இல்லை’ என்ற விடை பெறும் ஆய்வாளர், அச்சொல் அந்நூலிலேயே இல்லை என முடிவு செய்ய நேரும்.

2. வழங்கியினுள் நிகழ்வது

டாம்கேட்டில் இவ்விவரங்கள் ‘காண்டெக்ஸ்ட்’ எனும் எக்ஸ்எம்எல் கோப்பில் ‘ரிசோர்ஸ்’ உறுப்பாக எழுதப்படுகின்றன. வழங்கி அதனைப் படித்து ஜேஎன்டிஐ பெயரடைவில் பதிகிறது. செயலி பெயரைச் சொல்லிக் கேட்கும்போது தரவுமூலப் பொருள் கிடைக்கிறது. 2000இல் வெளிவந்த ஜாவா 1.3 முதல் ஜேஎன்டிஐ அதன் அடிப்படைத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அது இடைமுகம் மட்டுமே. பெயரடைவை நடத்துவது வழங்கியே. ஆகவே அதே நிரல்வரி வெளியே இயங்கும்போது, தொடக்கச் சூழல் இல்லை என்ற பிழை எழுகிறது.

3. மீளப் பயன்படுத்தும் முறை

முதலாவதாக, தனி நிரல் அதே கோப்பை எக்ஸ்எம்எல் பகுப்பியைக் கொண்டு படித்தல் வேண்டும். முகவரியிலுள்ள ‘&’ குறி கோப்பில் மாற்று வடிவில் இருக்குமாதலின், சரங்களை வெட்டி எடுப்பது பொருந்தாது. இரண்டாவதாக, ‘ரிசோர்ஸ்’ உறுப்பின் பண்புகளைப் பெயர்–மதிப்பு இணைகளாகத் திரட்டி, டாம்கேட் பயன்படுத்தும் அதே தரவுமூல ஆக்கியிடம் அளித்தல் வேண்டும். ஆக்கியின் நூலகமும் தரவுத்தள இயக்கியும் நிரலின் வகுப்புப் பாதையில் இருத்தல் இன்றியமையாதது. மூன்றாவதாக, இரு நிரல்களுக்கும் பொதுவான வகுப்புகள் பெயரைக் கொண்டே வளத்தைத் தேடுமாயின், டாம்கேட்டின் பெயரடைவு நூலகத்தையும் சேர்த்து, அதே பெயரில் அப்பொருளைப் பிணைத்துவிடலாம். பொதுவகுப்புகளில் ஒரு வரியும் மாறாது.

4. கவனத்திற்குரியவை

அமைவடிவம் ஒன்றாயினும் இணைப்புத் தேக்கங்கள் இரண்டு. கோப்பில் உச்ச வரம்பு 100 என்றிருந்தால், இரண்டும் சேர்ந்து 200 இணைப்புகள் வரை கோரக்கூடும். மைஎஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிப்பதோ 151. ஆதலின் தனி நிரல் அவ்வொரு மதிப்பை மட்டும் குறைத்துக்கொள்வது நன்று. மேலும், டாம்கேட் 8இலிருந்து இவ்வரம்பைக் குறிக்கும் பண்பு ‘மேக்ஸ்ஆக்டிவ்’ என்பதிலிருந்து ‘மேக்ஸ்டோட்டல்’ என மாறியது. ஆகவே நூலகத்தின் பதிப்பும் வழங்கியின் பதிப்பும் ஒத்திருத்தல் வேண்டும். கடவுச்சொல் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால், கோப்பைப் படிக்கும் உரிமை அவ்விரு நிரல்களின் கணக்குகளுக்கு அப்பால் செல்லலாகாது.

முடிவுரை

ஓரிடத்தில் எழுதிய விவரத்தை ஓரிடத்திலேயே திருத்தலாம். சேர்ப்பவரும் தேடுபவரும் ஒரே குறியாக்கத்தின் வழியாகத் தரவுத்தளத்தை அடைவதை இம்முறை உறுதிசெய்கிறது. தமிழ்த் தரவுகளைப் பொறுத்தவரை, இது நிரலாளரின் வசதியோடு நின்றுவிடுவதன்று. மூலபாடத்தின் நம்பகத்தன்மையும் இதனைச் சார்ந்துள்ளது.