முழங்கால் பிணைநார்க் காயமும் மருத்துவரின் கைச்சோதனையும்

மும்பைத் தாராவியில் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பியுள்ள வீடுகளில், மாடி அறைக்கு ஏறிச் செல்லும் வழி பெரும்பாலும் செங்குத்தான இரும்பு ஏணியே. முழங்கால் திடமாயுள்ளவருக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் சடுகுடு ஆடுகையில் காலைத் திருகிக்கொண்ட இளைஞனும், தோல் மூட்டையுடன் இறங்குகையில் சறுக்கிய தொழிலாளியும் சில வாரங்களுக்குப் பின் அதே ஏணியில் கால் வைக்கும்பொழுது, வலியே இல்லாத நிலையிலும் முழங்கால் திடீரென்று 'விட்டுப்போவதை' உணர்கின்றனர். அடிபட்ட அன்று அதற்குச் 'சுளுக்கு' என்று பெயர். மும்பை இந்தியில் 'மோச்'. எண்ணெய் தேய்த்து, கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்ததும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். மாதுங்காவின் மைதானங்களில் கிரிக்கெட் ஆடும் மாணவரிடத்தும், செம்பூர்ச் சாலைகளில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுவோரிடத்தும் இதே வரலாற்றைக் கேட்கலாம்.

கால் இவ்வாறு நழுவும் ஒவ்வொரு முறையும் மூட்டினுள் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு நசுங்கிக் கிழியக்கூடும். குருத்தெலும்பு கெட்ட மூட்டு நாற்பது வயதுக்குள்ளேயே முதுமையின் தேய்வை அடையலாம். ஆகவே முதல் சில நாட்களிலேயே காயத்தின் தன்மையை அறிந்துகொள்வது கூலிக்கு உழைப்பவருக்கு வாழ்க்கைப் பிரச்சினை. படம் எடுக்கும் கருவி எதுவுமின்றி, மருத்துவர் தம் இரு கைகளைக் கொண்டே அதனை அறிய இயலுமா? இயலுமெனின், அந்த முடிவை எவ்வளவு நம்பலாம்?

மூட்டின் அமைப்பு

தொடை எலும்பின் உருண்ட கீழ்முனை, கணைக்கால் எலும்பின் ஏறத்தாழத் தட்டையான மேல்முனை மீது அமர்ந்திருக்கிறது. எலும்புகளின் வடிவத்தால் இம்மூட்டுக்கு உறுதி கிடைப்பது சொற்பமே. அதை நிலைநிறுத்துபவை நான்கு முக்கியப் பிணைநார்கள். பத்திரிகைகளில் இவற்றையும் 'தசைநார்' என்றே எழுதிவிடுகின்றனர். தசைநார் தசையை எலும்புடன் சேர்ப்பது. பிணைநாரோ எலும்பை எலும்புடன் கட்டுவது. இரண்டு நார்கள் மூட்டின் இரு பக்கங்களிலும், மற்ற இரண்டு மூட்டின் நடுவே பெருக்கற்குறி போல் ஒன்றையொன்று குறுக்கிட்டும் உள்ளன. இவற்றுள் முன் குறுக்குநார், கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுக்கிறது. இளைஞர் ஒருவரின் முன் குறுக்குநார் அறுபடுவதற்கு ஏறத்தாழ 2,000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோகிராம் எடைக்கு ஈடான இழுவிசை வேண்டும். எனினும் ஓடி வந்தவர் பாதத்தைத் தரையில் ஊன்றி உடலைச் சட்டென்று திருப்பும் கணத்தில், பிறர் தொடாமலே அந்நார் அறுந்துவிடுவதுண்டு. சடுகுடுவில் பாடிச் செல்பவர் கோட்டுக்குத் திரும்பும் கணம் இத்தகையதே.

இழுப்பறையிலிருந்து லாக்மன் சோதனை வரை

அறுந்த நாரைக் கண்ணால் காண முடியாது. தோல்மேல் தடவியும் உணர முடியாது. ஆனால் அது தடுத்து வந்த அசைவு இப்பொழுது தடையின்றி நிகழும். அவ்வசைவை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்ப்பதே எல்லாக் கைச்சோதனைகளுக்கும் அடிப்படை.

நெடுங்காலம் வழக்கில் இருந்தது இழுப்பறைச் சோதனை. நோயாளியை மல்லாந்து படுக்கச் செய்து, முழங்காலை 90 பாகை மடக்கி, பாதத்தை அசையாமல் இருத்தி, மேசையின் இழுப்பறையை இழுப்பதுபோல் கணைக்காலை இரு கைகளாலும் முன்னே இழுப்பர். கற்பிக்க எளியது, ஆனால் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடுகிறது. புதிதாக அடிபட்டு வீங்கிய முழங்காலை 90 பாகைக்கு மடக்குவதே கடினம். வலியால் தொடையின் பின்புறத் தசைகள் இறுகி, கணைக்காலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அன்றியும், அவ்வளவு மடங்கிய நிலையில் உட்புறப் பிறைக் குருத்தெலும்பின் பின்முனை, கதவுக்கு அடியில் வைத்த ஆப்புப் போல் நின்று, நார் அறுந்திருந்தாலும் எலும்பை நகரவிடாமல் தடுக்கிறது.

இத்தடைகளை விலக்க வழி, முழங்காலைச் சிறிதளவே, 20 முதல் 30 பாகை வரை, மடக்கிச் சோதிப்பது. ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கணைக்காலின் மேற்பகுதியை முன்னே இழுக்க வேண்டும். இம்முறையைப் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்தவர் ஜான் லாக்மன். 1976இல் ஜோசப் டார்க் என்பவரும் அவரது சகாக்களும் இதை வெளியிட்டு, தம் ஆசானின் பெயரையே சூட்டினர். நூறாண்டுகளுக்கு முன்பே, 1875இல், ஜியார்ஜியோஸ் நூலிஸ் என்ற கிரேக்க மருத்துவர் பாரிஸில் எழுதிய ஆய்வுரையில் இதையொத்த சோதனையை விவரித்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை. மருத்துவ வரலாற்றில் இது புதுமையன்று.

லாக்மன் சோதனையில் கை உணர வேண்டியவை இரண்டு. ஒன்று, எலும்பு நகரும் தூரம். நல்ல காலைவிட 3 மில்லிமீட்டர் அதிகம் நகர்ந்தாலே நார் அறுந்திருப்பதாக ஐயுறலாம். மற்றொன்று, அசைவு முடியும் விதம். முழு நார் உள்ள மூட்டில் இழுப்பு 'டக்'கென்று கயிறு இறுகினாற்போல் நிற்கும். அறுந்த மூட்டில் அது மெத்தென்று முடியும். இயல்பிலேயே தளர்ந்த மூட்டுடையோர் பலர் உண்டாதலின், நல்ல காலை முதலில் சோதித்துப் பின்னரே அடிபட்ட காலைத் தொட வேண்டும்.

மூன்றாவது சோதனை 1972இல் கனடாவின் டொரான்டோ நகரில் கால்வே, மாக்கின்டாஷ் ஆகியோர் விவரித்த 'பிவட் ஷிப்ட்' என்பது. நீட்டிய காலை உட்புறம் திருப்பி, வெளிப்புறத்திலிருந்து அழுத்தியவாறே மடக்குகையில், முன்னே நழுவியிருந்த கணைக்கால் எலும்பு ஒரு துள்ளலுடன் தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஏணியில் உணர்ந்த அதே நழுவலைச் சோதனை மேசையில் வரவழைப்பது இது. ஒருமுறை அதை அனுபவித்த நோயாளி மறுமுறை தசையை இறுக்கிக்கொள்வதில் வியப்பில்லை.

எண்கள் கூறுவது

பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, முன் குறுக்குநார் அறுந்த நூறு முழங்கால்களில் 85ஐ லாக்மன் சோதனை கண்டுபிடிக்கிறது. அறுபடாத நூறில் 94ஐச் சரியாகவே விலக்குகிறது. பிவட் ஷிப்ட் சோதனை அறுந்த நூறில் 24ஐ மட்டுமே கண்டுபிடிக்கிறது. ஆனால் அறுபடாத நூறில் 98ஐ விலக்குகிறது. அது 'ஆம்' என்றால் நம்பலாம். 'இல்லை' என்றால் அதனால் ஒன்றும் தெரிவதில்லை. மயக்க மருந்து கொடுத்துத் தசைகள் தளர்ந்தபின் செய்தால் அதன் கண்டுபிடிக்கும் திறன் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காக உயர்வதாகப் பிந்திய தொகுப்பு ஒன்று காட்டியது. இழுப்பறைச் சோதனை பழைய காயங்களில் நன்றாகவே பயன்படுகிறது. புதிய காயங்களில் நாணயத்தைச் சுண்டுவதைவிட அதிகம் மேலானதன்று.

இவ்வெண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான முடிவுக்கு வருவோம். அதைக் காட்டச் சிறு கணக்கொன்று போதும். ஆசிரியர்கள் வகுப்பிலும் செய்து காட்டலாம்.

காலைத் திருகி, உள்ளே 'படக்'கென்று ஒலி கேட்டு, ஆட்டத்தைத் தொடர முடியாமல், சில மணி நேரத்திற்குள் முழங்கால் பெரிதாக வீங்கியவர்கள் நூறு பேர் என்று கொள்வோம். விரைவில் வரும் வீக்கம் மூட்டினுள் இரத்தம் கசிந்ததன் அறிகுறி. இவ்வாறு இரத்தம் தேங்கிய முழங்கால்களை உள்நோக்குக் குழாய் வழியே ஆராய்ந்த பிராங்க் நாய்ஸ் முதலியோர், அவற்றுள் நூற்றுக்கு 72இல் முன் குறுக்குநார் பழுதுபட்டிருந்ததை 1980இல் வெளியிட்டனர். வசதிக்காக 70 என்று வைப்போம். லாக்மன் சோதனை அந்த 70இல் 60ஐக் கண்டுபிடித்து, 10ஐத் தவறவிடும். அறுபடாத 30 பேரில் இருவரை அறுந்ததாகச் சொல்லும். ஆக 62 பேருக்கு 'ஆம்' என்ற விடை. அதில் 60 சரி. ஆனால் 'இல்லை' என்ற விடை பெற்ற 38 பேரில் 10 பேருக்கு நார் அறுந்தே இருக்கிறது. நாலில் ஒருவருக்கு மேல்!

இனி, எவ்வித விபத்தும் இன்றி முழங்கால் வலி என்று வருவோர் நூறு பேர். இவர்களுள் நார் அறுந்தவர் ஐவர் மட்டுமே என்று கொள்வோம். சோதனை அவர்களில் நால்வரைப் பிடிக்கும். மற்ற 95 பேரில் ஆறு பேரைத் தவறாகப் பிடிக்கும். 'ஆம்' என்ற விடை பெற்ற பத்துப் பேரில் அறுபடாதவர்களே அதிகம். 'இல்லை' என்ற விடையோ இங்கு ஏறக்குறைய உறுதியானது.

சோதனை ஒன்றே, கையும் ஒன்றே, அதன் விடைக்குள்ள மதிப்பு மட்டும் நோயாளியின் வரலாற்றுக்கு ஏற்ப மாறுகிறது. காயம் நேர்ந்த விதத்தை அறியாத மருத்துவருக்குத் தம் கை கூறுவதன் பொருள் முழுவதும் தெரியாது. அவ்வரலாற்றை நேரில் கண்டவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். மைதானத்தில் நின்ற உடற்பயிற்சி ஆசிரியரும், வீட்டுக்குச் சென்ற சுகாதார ஊழியருமே.

மேற்கூறிய எண்களில் வேறொரு குறையும் உண்டு. அவற்றுள் பல, சிறப்பு மருத்துவமனைகளில், தேர்ந்த நிபுணர்களின் கைகளால், காயம் உறுதியென ஏற்கனவே ஐயுற்ற நோயாளிகளிடம் எடுக்கப்பட்டவை. பருத்த தொடையைச் சிறிய கை பற்ற இயலாது. பகுதி அறுந்த நார் எல்லாச் சோதனைகளையும் ஏமாற்றக்கூடும். 2014இல் இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ லெல்லி, முழங்காலுக்குக் கீழ் ஒரு கையை முட்டுக்கொடுத்துத் தொடையை அழுத்தும் 'நெம்புகோல்' சோதனையை அறிமுகப்படுத்தி, தாம் சோதித்த 400 நோயாளிகளிடத்தும் அது பிழையின்றிக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். பிறர் செய்து பார்த்தபோது அந்தத் திறன் கிட்டவில்லை. நூற்றுக்கு நூறு என்னும் எண்ணை மருத்துவத்தில் காணும்போது சற்று நிதானிப்பது நல்லது.

பின் குறுக்குநார் அறுந்த காலில் ஒரு பொறியும் உள்ளது. அங்கே மடக்கிய முழங்காலில் கணைக்கால் எலும்பு தானாகவே பின்னே தொய்ந்திருக்கும். அதை முன்னே இழுத்தால் இயல்பான இடத்துக்குத்தான் வருகிறது. அதைக் கண்டு முன் நார் அறுந்ததென்று முடிவு செய்துவிடுவோர் உண்டு. இழுப்பதற்கு முன் இரு முழங்கால்களையும் பக்கவாட்டில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தால் இப்பிழை நேராது.

மும்பையில் இரு வழிகள்

2022 டிசம்பர் 30 அன்று ரூர்க்கி அருகே கார் விபத்தில் சிக்கிய கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், 2023 ஜனவரி 4இல் விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார். இரண்டு நாட்களில், அந்தேரியிலுள்ள கோகிலாபென் திருபாய் அம்பானி மருத்துவமனையில் டாக்டர் தின்ஷா பார்திவாலாவின் பொறுப்பில் அவரது வலது முழங்காலின் பிணைநார்களுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 2024 மார்ச்சில் அவர் மீண்டும் ஆடுகளத்துக்கு வந்தார். அதே நகரில் தாராவித் தொழிலாளி முதலில் செல்லுமிடம், மக்கள் 'சோட்டா சயான்' என வழங்கும் நகர்ப்புறச் சுகாதார மையமோ, 1947 முதல் இயங்கிவரும் சயான் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவோ ஆகும். எம்.ஆர்.ஐ. படத்துக்கு முறை வரும்வரை காத்திருப்பதும், ஒரு நாள் கூலியை இழந்து மீண்டும் வருவதும் அவருக்கு எளிதன்று. அவருக்கு மருத்துவரின் கையே முதற்கருவி. முதல் நாள் வீங்கி இறுகிய முழங்காலில் கை ஒன்றும் உணரவில்லையெனில், வீக்கம் தணிந்தபின், ஒரு வாரம் பத்து நாட்களில், மறுபடியும் சோதிப்பது படத்துக்கு ஈடாகாவிடினும் பெரும் பயன் தரும். அந்த இரண்டாவது வருகையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். வீக்கம் வடிந்ததைக் குணமானதாகக் கொள்கின்றனர்.

களத்தில் உள்ளவர்களுக்கு

காலை இழுத்துப் பார்ப்பது ஆசிரியருக்கோ ஊழியருக்கோ உரிய வேலையன்று. தேய்ப்பதும் முறுக்கி 'எடுப்பதும்' அதனினும் தகாது. பாதம் தரையில் ஊன்றியிருந்ததா, ஒலி கேட்டதா, தொடர்ந்து ஆட முடிந்ததா, வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்பினால் மேலே கண்ட கணக்கின் முதற்படியை நீங்கள் நிறைவேற்றியவர்களாவீர்கள். நான்கு அடி நடக்கவோ முழங்காலை 90 பாகை மடக்கவோ முடியாதவரையும், முழங்காற்சில்லில் மட்டும் அல்லது கணைக்காலின் வெளிப்புறச் சிற்றெலும்பின் தலைப்பகுதியில் தொட்டால் வலிப்பவரையும், 55 வயதைக் கடந்தவரையும் எலும்பு முறிவுக்காக எக்ஸ்ரே எடுக்க அனுப்ப வேண்டுமென 1995இல் ஒட்டாவாவில் வகுத்த விதிகள் கூறுகின்றன. பெரும் விபத்தில் முழங்கால் இடம் பெயர்ந்ததாகத் தோன்றினால், பாதம் குளிர்ந்திருக்கிறதா, கணுக்காலில் நாடி துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூட்டின் பின்னுள்ள இரத்தக்குழாய் கிழிந்திருந்தால் சில மணி நேரத் தாமதம் காலையே இழக்கச் செய்யலாம். நாடி துடித்தாலும் அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை.

நார் அறுந்ததென்று சொன்னால் உடனே அறுவைச் சிகிச்சை என்று அஞ்சி மருத்துவமனையை நாடாதோர் பலர். ஸ்வீடனில் 121 இளைஞர்களைக் கொண்டு நடந்த, 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் முதலில் உடற்பயிற்சிச் சிகிச்சை பெற்று, தேவையானால் மட்டும் பின்னர் அறுவைக்கு உட்பட்டனர். ஐந்தாண்டு முடிவில் அப்பிரிவின் 59 பேரில் 30 பேருக்கே அறுவை தேவைப்பட்டது. இரு பிரிவினரின் முழங்கால் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் அனைவரும் காயம் இன்னதென்று அறிந்து, முறையான பயிற்சியும் கண்காணிப்பும் பெற்றவர்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.