பழைய பௌலிங் யந்திரத்துக்கு ஒரு சிகிச்சை

அமெரிக்காவின் சிகாகோ நகரத்து யுனைடெட் நிறுவனம் 1949-இல் வெளியிட்ட 'ஷஃபிள் ஆலி'யும், அதன் வழிவந்த பல பௌலிங் விளையாட்டு யந்திரங்களும், கணிப்பொறியின் சகாயம் சிறிதுமின்றி, ரிலேக்களையும் மின்காந்தச் சுருள்களையும் கொண்டே இயங்கியவை. இவற்றுள் பலவற்றில், மரத்தளத்தின் மீது வழுக்கிச் செல்லும் உலோக வட்டு, பௌலிங் கட்டைகளுக்கு அடியிலுள்ள கம்பி ஸ்விட்சுகளை அழுத்த, அவற்றால் தூண்டப்பெற்ற ரிலேக்கள் உரிய கட்டைகளை மேலே மடக்க, படிச்சக்கரங்கள் ஒவ்வொரு பல்லாக நகர்ந்து புள்ளிகளைக் கூட்டும் அற்புதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்!

இத்தகைய யந்திரம் பல்லாண்டு உறங்கிக் கிடந்தால், முதலில் கெடுவது பெரும்பாலும் பழைய கிரீஸ்தான். அது பிசினாக இறுகிப் படிச்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, கூட்டல் தவறுகிறது. மின்சாரத்தைத் துண்டித்து, சக்கரத்தைப் பிரித்து, ஆல்கஹாலால் துடைத்து, அவசியமான இடத்தில் மட்டும் புதிய மசகைத் தடவுதல் வேண்டும். கறுத்த தொடுமுனைகளை மெல்லிய அரத்தால் இலேசாகத் தேய்ப்பதே போதுமானது.

ஒரு கட்டை மாத்திரம் அசையாவிடில் அதற்குரிய ஸ்விட்சையும் ரிலேயையும், எல்லாமே அசையாவிடில் பொதுவான மின்வழியையும் ஃப்யூஸையும், மின்சுற்று வரைபடத்தின் துணையோடு சோதிக்கவேண்டும். எரிந்த ஃப்யூஸுக்குப் பதிலாக அதிக ஆம்பியர் கொண்டதைப் பொருத்துவது பெரும் அபாயம். சுருளே கருகிவிடும், தீயும் பற்றக்கூடும்.